தராசில் 4.3 கிலோ, கொரியர் கடையில் 9.5 கிலோ: பெட்டியை எப்படி அளப்பது?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் அக்காவுக்கு மிளகாய்த்தூள், ஒடியல்மா, பயற்றம் பணியாரம், இரண்டு சீலை எல்லாம் ஒரு மட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டியிருக்கிறார். வீட்டுத் தராசில் 4.3 கிலோ. மாங்குளம் வந்து பஸ் மாறி, கிளிநொச்சியில் ஒரு கொரியர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், 9.5 கிலோவுக்குக் காசு கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு காசு கையில் இல்லாததால் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பிறகு இன்ரநெற்றில் ஒரு கணக்கைத் தேடிப் பிடித்து, தையல் நாடாவால் அளந்து, 18, 14, 11 மூன்றையும் பெருக்கி 5000 ஆல் பிரித்துப் பார்த்தால் 0.55 கிலோ என்று வருகிறது. தராசு ஒன்று சொல்கிறது, கடை ஒன்று சொல்கிறது, கணக்கு இன்னொன்று சொல்கிறது, இதில் எது சரி, என்னை ஏமாற்றுகிறார்களா, பெட்டியை எப்படித்தான் அளப்பது என்று கேட்கிறார்.

தங்கச்சி, நாடாவை எப்படிப் பிடிப்பது என்பது இதில் சின்ன விசயம். நீங்கள் கேட்பது, திரும்பவும் இரண்டு பஸ் ஏறுவதற்கு முன்னமே கடைக்காரர் சொல்லப்போகும் எண்ணை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாமா என்பது என்றுதான் எனக்குப் படுகிறது. தெரிந்துகொள்ளலாம். வன்னியில் தபால் கந்தோர் கவுண்டரில் பல வருடம் இருந்தவன் நான், பிறகு கொஞ்சக் காலம் ஒரு கொரியர் முகவரிடமும் பொதி நிறுத்தேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 0.55 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தப் பிழையை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். தையல் நாடாவின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்ரிமீற்றர். நீங்கள் எடுத்த 18, 14, 11 மூன்றும் அங்குலம். ஆனால் 5000 என்ற எண் சென்ரிமீற்றருக்கு உரியது. ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். அப்படிப் பார்த்தால் உங்கள் பெட்டி 45.7, 35.6, 27.9, முழு எண்ணாக எடுத்தால் 46, 36, 28. இப்போது பெருக்கினால் 46,368 வரும். அதை 5000 ஆல் பிரித்தால் 9.27 கிலோ. அதை அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் 9.5. கடைக்காரர் சொன்ன அதே எண். ஆகவே அளவில் அவர் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் தராசிலும் பிழை இல்லை. 4.3 என்பது பெட்டியின் நிறை, 9.5 என்பது அது பிடிக்கும் இடத்துக்குப் போட்ட நிறை. இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கொரியரில் காசு.

இது ஏன் என்று கேட்பீர்கள். நெல்லு வெட்டி முடிந்த பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மலை போல ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினாலும் ரயர் அமராது, ஆனால் அதற்கு மேல் ஒரு கட்டு வைக்க இடம் இருக்காது. அதே பெட்டியில் மணல் ஏற்றினால் விளிம்புக்கு வர முன்னமே ரயர் அமுங்கிவிடும். வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலும் உழவு இயந்திரம் நிரம்பிவிட்டது. விமானமும் அப்படித்தான். காற்றடைத்த பெட்டிகளை ஏற்றினால், தூக்கக்கூடிய நிறையில் பாதிகூட வராமலே இடம் முடிந்துவிடும். அதனால்தான் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஓர் எண்ணால் பிரித்து, அதை நிறையாகக் கணக்குப் போடுகிறார்கள். கனபரிமாண நிறை என்று எழுதுவார்கள், கடைகளில் வொலியும் வெயிற் என்றுதான் சொல்வார்கள். டி.எச்.எல்., ஃபெடெக்ஸ் போன்ற சர்வதேச எக்ஸ்பிரஸ் நிறுவனங்கள் பிரிக்கும் எண் 5000, அதாவது ஒரு கனமீற்றர் இடத்துக்கு 200 கிலோ. சாதாரண விமானச் சரக்கில் நெடுங்காலமாக இருப்பது 6000, அது கனமீற்றருக்குச் சுமார் 167 கிலோ. உங்கள் பெட்டியை 6000 ஆல் பிரித்தால் 7.73, அதாவது 8 கிலோ. ஒரே பெட்டி, ஒரே நாடா, ஒன்றரைக் கிலோ வித்தியாசம். அதனால் கடைக்குப் போன் எடுத்தால் "ஒரு கிலோ எவ்வளவு" என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள். "எத்தனையால் பிரிக்கிறீர்கள், அரைக் கிலோவுக்கு ஏற்றுவீர்களா ஒரு கிலோவுக்கா, கொழும்பில் திரும்ப அளப்பார்களா" என்று மூன்றையும் கேளுங்கள். கிலோ விலை குறைந்த கடை 5000 ஆல் பிரித்து, கூடின கடை 6000 ஆல் பிரித்தால், கடைசியில் எது மலிவு என்று பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த மூன்றும் கடைக்குக் கடை மாறுகிறவை, இதில் நான் சொல்வதைவிட அந்தக் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. பெருக்கிப் பிரிக்கும் முறை எல்லா இடத்திலும் ஒன்று.

சரி, அளப்பதற்கு வருவோம். பெட்டியைக் கட்டி, ரேப் ஒட்டி, இனித் திறக்கப்போவதில்லை என்ற நிலையில்தான் அளக்க வேண்டும். வெறும் பெட்டியை அளந்து கணக்குப் போடுகிறவர்கள்தான் கடையில் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவையும் நம்ப வேண்டாம், பெரும்பாலும் அது உள் அளவு. மூன்றடுக்கு மட்டை என்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்பு, ஐந்தடுக்கு என்றால் ஆறு ஏழு கூட வரும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஒரு சென்ரிமீற்றர் போய்விடும். மேலே மடல்கள் ஒன்றின்மேல் ஒன்று மடியும் இடத்தில் உயரம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அடுத்தது வீக்கம். விசுவமடுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பெட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மகனுக்கு அரிசிமாவும் மோர்மிளகாயும். மூடி பொருந்தாமல் இரண்டு பேர் முழங்காலால் அமத்தி ஒட்டியிருக்கிறார்கள், அதற்கு மேல் நீல நைலோன் கயிறு இரண்டு சுற்று, தூக்கிப் பிடிக்க ஒரு முடிச்சு. மேல் பக்கம் அப்பம் மாதிரி நடுவில் எழும்பி நின்றது. ஓரத்தில் அளந்தால் உயரம் 20, நடுவில் அளந்தால் 23. அந்த அம்மா ஓரத்தைக் காட்டுகிறார், நான் நடுவைக் காட்ட வேண்டியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 40, 30, 20 என்றால் 4.8, அதாவது 5 கிலோ. பக்கங்களும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் வீங்கி 41, 31, 23 ஆகிவிட்டால் 5.85, அதாவது 6 கிலோ. ஒரு கிலோவுக்கான காசு அந்த வீக்கத்துக்குள் இருக்கிறது, அதற்குள் ஒரு பிடி மா கூடக் கூடவில்லை. அன்றைக்குக் கயிற்றை அறுத்து, மேலே இருந்த மாப் பையை எடுத்துத் தட்டிப் பரப்பி, கீழே ஒரு மூலையில் இருந்த வெற்றிடத்துக்குள் வைத்தோம், மூடி தானாகவே படிந்தது. அந்த வெற்றிடத்தை அவர் பேப்பர் கசக்கி நிரப்பி வைத்திருந்தார்.

ஆகவே எப்போதும் எங்கே கூடத் தள்ளிக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் அளவு எடுக்க வேண்டும். நாடாவைப் பெட்டியின் மேல் வளைத்துப் போட்டு எடுத்தால் வளைவின் நீளம்தான் வரும், பெட்டியின் அளவு வராது. வீட்டில் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். பெட்டியைச் சீமெந்து நிலத்தில், இரண்டு சுவர் சேரும் மூலைக்குள் தள்ளி வையுங்கள். வெளிப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டையோ மட்டை போட்ட தடித்த புத்தகத்தையோ நிமிர்த்தி, பெட்டியில் முட்டும்படி பிடியுங்கள். சுவரிலிருந்து பலகை வரைக்கும் நிலத்தோடு நாடாவைப் பிடித்து அளந்தால் வீக்கம், முடிச்சு எல்லாம் சேர்ந்த அளவு வந்துவிடும். நீளத்துக்கு ஒரு தடவை, அகலத்துக்கு ஒரு தடவை. உயரத்துக்குப் பலகையைப் பெட்டியின் மேல் படுக்கவைத்து, அது சாயாமல் பிடித்துக்கொண்டு, நிலத்திலிருந்து பலகையின் அடிப்பக்கம் வரைக்கும் அளவுங்கள். பெரிய நிறுவனங்களின் மையங்களில் ஒளிக்கதிர் வைத்து அளக்கும் இயந்திரமும் இந்தப் பலகையைப் போலத்தான் வேலை செய்கிறது, பெட்டி எவ்வளவு தூரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதைத்தான் பார்க்கும். உங்கள் கயிற்று முடிச்சும், தொங்கும் பிடியும்கூட அதற்குப் பெட்டியின் உடம்புதான். கயிறு வேண்டாம், நல்ல பிரவுண் ரேப் போதும். கட்டாயம் கட்டத்தான் வேண்டும் என்றால் முடிச்சைத் தட்டையாக்கி அதற்கு மேல் ரேப் ஒட்டிவிடுங்கள்.

நாடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடக்கணக்காகப் பாவித்த துணி நாடா இழுபட்டிருக்கும், இழுபட்ட நாடா குறைத்துத்தான் காட்டும். ஏ4 தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள், அது 21 சென்ரிமீற்றர் அகலம், 29.7 நீளம். உங்கள் நாடா அதற்குச் சரியாகச் சொன்னால் நம்பலாம். மர அடிமட்டத்தில் பூச்சியக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் மரம் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள். எண்ணைக் கீழே இறக்கி எழுத வேண்டாம். 39.4 என்றால் 40 என்று போடுங்கள். வீட்டில் கூட எடுத்துக் கடையில் குறைந்தால் மனதுக்குச் சந்தோசம், மாறி நடந்தால் பஸ் காசும் வீண்.

கார்த்திகை, மார்கழி மழைக்குள் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஈரக்காற்றில் மட்டை இளகும், பஸ்ஸில் அதற்கு மேல் இன்னொருவர் மூட்டையை வைத்தால் பக்கங்கள் வெளியே தள்ளும். வீட்டில் 30 இருந்த அகலம் கிளிநொச்சியில் 31 ஆவது அப்படித்தான். இரவு கட்டி, காலையில் திரும்ப ஒருமுறை அளந்துவிட்டுப் புறப்படுங்கள். பெட்டியை ஓர் உரபாக்குக்குள் இறக்கிக்கொண்டு போனால் நனையாது, கவுண்டரில் உருவி எடுத்துவிடலாம்.

இப்போது உங்கள் பெட்டிக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். 4.3 கிலோச் சாமானுக்கு 46,000 கனசென்ரிமீற்றர் பெட்டி மிகவும் பெரிது, உள்ளே பாதிக்குமேல் காற்று இருக்கும் என்பதை இங்கிருந்தே சொல்லலாம். திறந்து பாருங்கள். சாமான் 19 சென்ரிமீற்றர் உயரத்தோடு நின்றுவிட்டால், நான்கு மூலைகளையும் மேலிருந்து அந்த உயரம் வரைக்கும் கத்தியால் கீறி, ஓர் அடிமட்டத்தை வைத்து அழுத்திக் கோடு விழுத்தி, அந்தக் கோட்டில் மடித்து மூடுங்கள். அளவு 46, 36, 19 ஆகும். கணக்கு 6.29, அதாவது 6.5 கிலோ. ஒரு சாமானும் எடுக்காமல் மூன்று கிலோ குறைந்துவிட்டது. இன்னும் நல்லது 40, 30, 20 அளவில் ஒரு பெட்டி தேடுவது, அதில் 5 கிலோவோடு நிற்கும். மிளகாய்த்தூளையும் ஒடியல்மாவையும் உருண்டைப் பைகளாகக் கட்டாமல், தடித்த பையில் போட்டுக் காற்றை அமத்தி எடுத்து, புத்தகம் மாதிரித் தட்டையாக அடுக்குங்கள். சீலை இரண்டையும் ஓரங்களில் சுற்றி வையுங்கள், பேப்பர் கசக்கி வைக்கும் வேலையை அதுவே செய்யும், நடுவில் இருக்கும் பணியாரமும் உடையாது. பணியாரத்தை மட்டும் அமத்தாதீர்கள். இந்த இடத்தில் கொஞ்சம் இடம் போனாலும் பரவாயில்லை, அக்கா அங்கே திறக்கும்போது மாவாக இருந்தால் அனுப்பியதில் என்ன பலன்.

தபால் கந்தோரில் கணக்கு வேறு. அங்கே சாதாரண வெளிநாட்டுப் பார்சலுக்குத் தராசு காட்டும் நிறைக்குத்தான் காசு, நாடா எடுப்பது எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்க மட்டும். அந்த எல்லைகள் 1874 இல் தொடங்கிய சர்வதேசத் தபால் சங்கத்தின் விதிகளில் இருக்கின்றன. 2 கிலோவுக்கு உட்பட்ட சிறுபொதி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் (பெருக்கக் கூடாது, கூட்ட வேண்டும்) 90 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக் கூடாது. பார்சல் என்றால் மிக நீளமான பக்கத்தோடு சுற்றளவைக் கூட்ட வேண்டும். சுற்றளவு என்பது நீளத்துக்குக் குறுக்கே நாடாவை இடுப்புப்பட்டி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினால் வரும் அளவு, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினாலும் அதே எண்தான். உங்கள் பழைய பெட்டிக்கு 36ம் 28ம் 64, இரு மடங்கு 128, அதோடு நீளம் 46 சேர்த்தால் 174. நாட்டுக்கு நாடு மூன்று வகை எல்லை இருக்கிறது, அதில் மிகச் சிறியதே நீளம் 105, கூட்டுத்தொகை 200 சென்ரிமீற்றர். அதற்குள்ளேயே உங்கள் பெட்டி அடங்குகிறது. ஆகவே அதே பெரிய பெட்டியைத் தபாலில் போட்டால் 4.3 கிலோவுக்குத்தான் கணக்கு வரும். அவசரம் இல்லையென்றால் முதலில் முல்லைத்தீவுத் தபால் கந்தோரில் விலை கேளுங்கள். அவசரமா இல்லையா என்பதைத்தான் இதில் நீங்கள் தீர்மானிக்க வேண்டும், பணியாரம் அதிக நாள் இருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பெட்டி வடிவில் இல்லாத சாமான்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் பக்கத்திலிருந்து சுளகும் பாயும் போகாத மாதம் இல்லை. பனையோலைப் பாயைச் சுருட்டி அனுப்பும்போது விட்டம் தேவைப்படும். நாடாவைச் சுற்றி வளைத்து, வந்த எண்ணை 3.14 ஆல் பிரியுங்கள். 90 சென்ரிமீற்றர் நீளப் பாய், சுற்று 38 என்றால் விட்டம் 12.1. தபாலில் சுருள் வடிவச் சிறுபொதிக்கு நீளத்தோடு விட்டத்தின் இரு மடங்கைக் கூட்டி 104க்குள் இருக்க வேண்டும், நீளம் 90க்கு மேல் போகக் கூடாது. இந்தப் பாய்க்கு 114 வருகிறது, ஆகவே நிறை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது பார்சல்தான். இன்னும் இறுக்கிச் சுருட்டி விட்டத்தை 7க்குக் கொண்டுவந்தால் சரியாக 104. ஆனால் அவ்வளவு இறுக்கினால் ஓலை வெடிக்கும், அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. கொரியரில் உருளைக்கென்று தனிக் கணக்கு இல்லை, அதைச் சுற்றி நான்கு சுவர் கட்டினால் வரும் பெட்டியாகத்தான் எடுப்பார்கள்: 90, 13, 13, அதாவது 3.04. இதில் அந்த 0.04 உங்களை மூன்றரைக் கிலோவுக்கு ஏற்றிவிடும், கொஞ்சம் இறுக்கி 12க்குள் கொண்டுவந்தால் 2.6, மூன்று கிலோவோடு நிற்கும். சுளகைப் பெட்டிக்குள் தனியாகப் போட்டால் இடத்தைத் தின்றுவிடும், அதன் குழிக்குள் மற்றச் சாமானை வைத்துக் கட்டுங்கள்.

நிறையையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள், பெட்டியும் ரேப்பும் சேர்த்து. ஆள் நிறுக்கும் தராசு இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் ஏறிக் கழித்துக்கொள்ளலாம். அது அரைக் கிலோ இங்கே அங்கே காட்டும், உங்கள் பெட்டியில் இடக் கணக்குத்தான் கூட வருவதால் அது பெரிதாகப் பாதிக்காது. சின்னப் பெட்டிக்கு மாற்றிய பிறகு இரண்டும் கிட்டக் கிட்ட வரும், அப்போது சந்தையில் ஒரு கடையில் இலத்திரனியல் தராசில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எந்தச் சாப்பாட்டுச் சாமானை லண்டன் சுங்கத்தில் விடுவார்கள், எதை எடுத்துவிடுவார்கள் என்பது என் வேலையாக இருந்ததில்லை, அதில் நான் வாய் வைக்கப்போவதில்லை. அக்காவிடம் சொல்லி அந்த அரசாங்கத்தின் இணையத்தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள், சுங்கப் படிவத்தில் "சாப்பாடு" என்று மொட்டையாக எழுதாமல் ஒவ்வொன்றையும் பெயரோடும் நிறையோடும் எழுதுங்கள். அக்கா அங்கத்தைய தபாலான ரோயல் மெயிலில் திரும்ப ஏதும் அனுப்புவதானால், வெளிநாட்டுக்குப் போகும் சிறிய பார்சலுக்கு அங்கேயும் அதே எல்லைதான்: 2 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 90 சென்ரிமீற்றர், எந்தப் பக்கமும் 60க்குள். அவரும் முதலில் நாடாவை எடுக்கட்டும்.

பெட்டியை மாற்றிக் கட்டியதும் மூன்று அளவையும் சென்ரிமீற்றரில், கூடினதை முதலில் போட்டு, நிறையோடு சேர்த்து எழுதுங்கள். அதே மூன்று எண்ணையும் மார்க்கர் பேனையால் பெட்டியின் ஒரு பக்கத்திலும் எழுதிவிடுங்கள், கவுண்டரில் அளக்கிறவர் தன் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், வித்தியாசம் இருந்தால் பெட்டி முன்னால் இருக்கும்போதே இரண்டு பேருமாகத் திரும்ப அளந்துகொள்ளலாம்.